குளிர்ல அரைக் கட்டை இறங்குன டர்ன்டேபிள்

தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் விடாம பெய்யற மழை ஒரு நாள் சட்டுனு நின்னு வானம் தெளிஞ்சதும் ஊட்டில குளிர் இறங்கிரும், அன்னைக்குக் காலைல கட்டில்லருந்து கால எடுத்து வெச்சா தரை சுள்ளுனு இருக்கும். அப்படி ஒரு காலைலதான் இந்த வேலை ஆரம்பிச்சுது. அம்மா ஸ்வெட்டருக்கு மேல சால்வையும் போத்திக்கிட்டு காபி டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் அப்பாவோட டர்ன்டேபிள்ல, அதாவது ரெக்கார்ட் பிளேயர்ல, ஒரு கச்சேரி ரெக்கார்ட போட்டேன், அதுல பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து செகண்ட் தம்பூரா மட்டும் தனியா ஓடும். அது ஓடி முடியறதுக்குள்ளயே அம்மா டம்ளர கீழ வெச்சுட்டாங்க.

"கண்ணு, சுருதி இறங்கியிருக்கு. அரைக் கட்டை."

அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஏழெட்டு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவங்க, இன்னைக்கும் காலைல எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிய ஆன் பண்ணி அரை மணி நேரம் பாடாம சமையலறைக்குள்ள போக மாட்டாங்க. அந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சு காட்டினாங்க. கட்டைங்கறது சுருதியோட உயரத்தச் சொல்ற அளவு; ரெக்கார்ட்ல இருக்கற பாடகி அஞ்சு கட்டைல பாடறவங்க, பெட்டிய அஞ்சுல வெச்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசுது, நாலரைக்கு இறக்கினா ஒட்டிக்குது. அரைக் கட்டைன்னா கணக்குல கிட்டத்தட்ட 6 சதவீதம், அதாவது நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சுத்தணும்னா நம்மது 31 சொச்சம்தான் சுத்துது. அதோட சுருதி ஒரே எடத்துல நிக்கவும் இல்ல, தம்பூரா நாதம் லேசா மேலயும் கீழயும் அலையுது, கேசட் காலத்துல "பாட்டு இழுக்குது"ன்னு சொல்லுவோமே அதேதான்.

இந்த டர்ன்டேபிள் அப்பா 1985ல வாங்கினது. அப்பாவுக்கு இந்து நகர்ல இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல வேலை, முழு இருட்டுல ஃபிலிம் ஷீட்ட கையாளற செக்‌ஷன், அதனால அவருக்கு எந்தப் பொருளையும் ஓரத்துல மட்டும் பிடிக்கற பழக்கம் ரத்தத்துலயே ஊறிப் போச்சு. ரெக்கார்ட கவர்லருந்து எடுக்கும்போது உள்ளங்கை ஓரத்துலயும் விரல் நுனி நடு லேபிள்லயும் மட்டும்தான் படும், காடி, அதாவது பாட்டு பதிஞ்ச பள்ளக் கோடு, இருக்கற எடத்துல விரல் வெச்சு நான் பார்த்ததே இல்ல. நாப்பது வருஷத்துப் பிளேட்டுங்க இன்னைக்கும் கீறல் இல்லாம இருக்குன்னா அந்தக் கைதான் காரணம். அவர் போனதுக்கப்புறம் நாலு வருஷம் அந்த மெஷின் துணி போத்தி மூலை ரூம்ல கெடந்துது, எடுக்க எங்க ரெண்டு பேருக்கும் மனசு வரல. போன வருஷம்தான் எடுத்து ஒரு கடைல சர்வீசுக்குக் குடுத்தேன், அவங்க மத்தியானம் ஓட்டிப் பாத்துட்டு "ஸ்பீடு கரெக்டா இருக்கு சார், ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க சொன்னதும் பொய் இல்ல. அது எனக்குப் புரியறதுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு.

மொதல்ல ஸ்பீட காதால இல்லாம கண்ணால பாக்கணும்னு தோணுச்சு. இதுக்கு ஸ்ட்ரோப் டிஸ்க்னு ஒண்ணு இருக்கு, ஒரு வட்டக் காகிதத்துல சரிசமமா 180 கோடு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியற விளக்கு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், அந்த மினுக்கல்ல 33⅓ ஸ்பீடுல சுத்தற 180 கோடும் அசையாம நின்ன மாதிரி தெரியும். நானே பிரிண்ட் எடுத்து ஒட்டி மேல வெச்சுப் பாத்தேன், ஒண்ணுமே தெரியல, வெறும் சாம்பல் கலர் வளையம். ரொம்ப நேரம் கழிச்சுதான் ஒறச்சுது, ஹால்ல இருக்கறது எல்ஈடி பல்பு, நல்ல எல்ஈடி அந்த மாதிரி மினுக்காது. வீட்டுல பழைய சோக் வெச்ச டியூப்லைட் பின்கட்டுல ஒண்ணுதான் பாக்கி, மெஷின தூக்கிட்டுப் போயி அதுக்குக் கீழ வெச்சேன், கோடெல்லாம் சுத்தற திசைக்கு எதிரா பின்னால ஓடுது. பின்னால ஓடினா ஸ்பீடு கம்மி, முன்னால ஓடினா ஜாஸ்தி.

அதை விட சுலபமான வழி ஒண்ணு அப்புறம்தான் தோணுச்சு, டியூப்லைட் இல்லாதவங்களுக்கு இதைத்தான் நான் சொல்லுவேன். பிளாட்டர், அதாவது ரெக்கார்ட் உக்காந்து சுத்தற வட்டத் தட்டு, அது ஓரத்துல ஒரு சின்ன காகிதத் துண்டு ஒட்டிட்டு, ரெக்கார்ட போட்டு ஊசியும் இறக்கிட்டு, ஃபோன்ல மூணு நிமிஷம் டைமர் வெச்சு எத்தன சுத்துன்னு எண்ணணும். சரியா இருந்தா மூணு நிமிஷத்துக்கு 100 சுத்து, கூடவும் கூடாது கொறையவும் கூடாது. ஃபோன பிளாட்டர் மேலயே வெச்சு அளக்கற ஆப் எல்லாம் இருக்கு, ஆனா ஃபோன் வெயிட்டும் மெஷின் மேல சேருது, ஊசி இழுக்கற இழுப்பு கணக்குல வராது, எனக்கு எண்ணறதுதான் நம்பிக்கையா இருந்துச்சு. ஹால்ல தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டின காலைல எண்ணினது 94. இருபது நிமிஷம் ஓடவிட்டு மறுபடி எண்ணினா 97. மத்தியானம் ஜன்னல் வழியா வெயில் உள்ள வந்து ஹால் 19 டிகிரிக்கு வந்தப்ப 100க்கு ஒண்ணு கொறவு. அம்மா சொன்ன அரைக் கட்டை அப்படியே நம்பர்ல வந்து நின்னுச்சு. கடைக்காரர் மத்தியானம் பாத்ததும் சரி, அம்மா காலைல கேட்டதும் சரி.

யார்கிட்ட கேட்டாலும் "பெல்ட் போயிருக்கும்"னாங்க. நானும் அதைத்தான் நம்பினேன், நாப்பது வருஷத்து ரப்பர் வேற எப்படி இருக்கும். அளவு எடுக்க பழைய பெல்ட நம்பக்கூடாது, அது இழுபட்டு நீண்டு போயிருக்கும். ஒரு நூல எடுத்து மோட்டார் புல்லியையும் பிளாட்டருக்கு அடில பெல்ட் ஓடற வளையத்தையும் சுத்திக் கட்டி, அந்த நீளத்துல ஒரு அஞ்சு சதவீதம் கொறச்சு வாங்கினா சரியான இறுக்கம் கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வேலையா போன தம்பி மூலமா பட்டை பெல்ட் ஒண்ணு வந்துச்சு. போடறதுக்கு முன்னாடி புல்லியையும் வளையத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடச்சேன், பஞ்சு அடுப்புக்கரி மாதிரி கருப்பா வந்துச்சு, எல்லாம் பழைய பெல்ட் தேஞ்சு ஒட்டின ரப்பர். புது பெல்ட்ட விரல் ஈரமோ எண்ணெயோ படாம போட்டேன். மறுநாள் காலைல எண்ணினேன், 95. தம்பூரா அலையறது மட்டும் நல்லா கொறஞ்சிருந்துச்சு, ஆனா சுருதி இன்னும் கீழதான்.

இங்கதான் ஒரு தப்பு பண்ணேன், வேற யாரும் பண்ணக் கூடாதுன்னுதான் எழுதறேன். இந்த மெஷின்ல இருக்கறது டிசி மோட்டார், அடில ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், மெல்லிசான ஸ்க்ரூடிரைவர உள்ள விட்டா 33க்கும் 45க்கும் தனித்தனியா ஸ்பீடு திருகலாம். நான் அந்த 9 டிகிரி குளிர்லயே திருகி 100க்கு கொண்டுவந்துட்டேன். மத்தியானம் அம்மா "இப்ப ஏறிருச்சு கண்ணு, பாவம் இந்தம்மா மூச்சு முட்டப் பாடற மாதிரி இருக்கு"ன்னாங்க. எண்ணினா 105. நோய் ஒரு எடத்துல இருக்க மருந்து வேற எடத்துல போட்டா இப்படித்தான் ஆகும், மெஷினுக்குள்ள என்னமோ ஒண்ணு குளிருக்குத் தகுந்த மாதிரி மாறுது, அதக் கண்டுபிடிக்காம ஸ்க்ரூவ திருகி பிரயோஜனம் இல்ல. திரும்ப பழைய எடத்துக்கே திருகி விட்டுட்டேன்.

குன்னூர்ல ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் நாப்பது வருஷம் பாத்த ஒரு பெரியவர் இருக்காரு, இப்ப கடை இல்ல, கண்ணும் அவ்வளவா தெரியாது. அவரப் போயி பாத்தேன். நான் சொன்னத முழுசா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு. "தம்பி, உங்க வீட்டு பாத்ரூம்ல தேங்கா எண்ணெய் பாட்டில் எப்படி இருக்கு?" கட்டியா இருக்குங்கண்ணேன்னேன். ஊட்டில வருஷத்துல முக்கால்வாசி நாள் அது கட்டிதான், 24 டிகிரிக்குக் கீழ போனாலே அது உறைய ஆரம்பிச்சிரும், ஸ்பூன் வெச்சு சொரண்டித்தான் தலைக்கு வெப்போம். "அதே கதைதான் உன் பேரிங்குக்குள்ளயும். எண்ணெய் விட வேண்டிய எடத்துல எவனாவது கிரீஸ் வெச்சிருப்பான், இல்ல இருந்த எண்ணெயே காஞ்சு பிசினாயிருக்கும். பெல்ட்ட கழட்டிட்டு கையால சுத்தி விட்டுப் பாரு, காலைல ஒருக்கா மத்தியானம் ஒருக்கா." அவ்வளவுதான், டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.

பெல்ட் இல்லாம பிளாட்டர கையால ஒரு சுத்து சுத்தி விட்டா அது தன்னால ஓடி நிக்கற நேரத்த வெச்சே பேரிங், அதாவது பிளாட்டரோட தண்டு நின்னு சுத்தற குழி, எப்படி இருக்குன்னு சொல்லிறலாம். காலைல ஆறு மணிக்கு சுத்தி விட்டா 7 செகண்ட்ல சேத்துல மாட்டுன சக்கரம் மாதிரி நின்னுருச்சு. மத்தியானம் அதே கை அதே வேகத்துல சுத்தி விட்டா 25 செகண்டுக்கு மேல ஓடுச்சு. அம்மாவும் வந்து குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் பிரிச்சேன். ரப்பர் மேட், பிளாட்டர் ரெண்டையும் எடுத்துட்டு நடுவுல இருக்கற தண்டோட சேந்த பகுதிய மெதுவா நேரா மேல தூக்கினா, "ப்ளக்"னு ஒரு சத்தத்தோட வருது, அவ்வளவு பிடிமானம். தண்டு முழுக்க பழுப்புக் கலர்ல வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்த மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு, விரல்ல தொட்டு இழுத்தா நூலா வருது. இது எண்ணெய் இல்ல, எப்பவோ வெச்ச கிரீஸ் எண்ணெயோட கலந்து காஞ்சது. ஆல்கஹால்ல நனைச்ச துணியால தண்டையும், இயர்பட்ஸால குழிக்குள்ளயும் தொடச்சேன், பதினஞ்சு இயர்பட்ஸ் ஆச்சு, கடைசிது வெள்ளையா வர்ற வரைக்கும் விடல. குழிக்கு அடில ஒரு சின்ன எஃகு குண்டு இருக்கு, கடுகுக்குக் கொஞ்சம் பெருசு, மொத்த பிளாட்டரும் அந்த ஒரு புள்ளில நின்னுதான் சுத்துது. மெஷின கவுக்கும்போது அது உருண்டு கட்டிலுக்கு அடில போயிருச்சு, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுருச்சு எனக்கு. ஃப்ரிஜ்ஜு கதவுல ஒட்டியிருந்த காந்தத்த நூல்ல கட்டி தரையோட தடவி எடுத்தேன். நீங்க பிரிச்சா கீழ ஒரு வெள்ளத் துணிய விரிச்சுட்டுப் பிரிங்க, குண்ட மொதல்ல எடுத்து ஒரு கிண்ணத்துல போட்டு மூடி வெச்சிருங்க.

என்ன எண்ணெய் விடறதுன்னு நெறைய யோசிச்சேன். பெரியவர் தையல் மெஷின் எண்ணெய் போதும்னாரு, லேசான எண்ணெய், குளிர்லயும் தண்ணியா இருக்கும், வீட்டுலயே இருந்துச்சு. குழிக்குள்ள 3 சொட்டு, தண்ட இறக்கும்போது உள்ள இருக்கற காத்து வெளிய வரணும், அதனால அவசரப்படாம தன் வெயிட்டுலயே மெதுவா இறங்க விட்டேன், முழுசா உக்கார ரெண்டு நிமிஷம் போல ஆச்சு. மோட்டார் தண்டு வெளிய வர்ற எடத்துல குண்டூசி நுனியால தொட்டு ஒரே ஒரு சொட்டு. அங்க ஜாஸ்தியா விட்டா புல்லி வழியா ஏறி பெல்ட் வழுக்கிரும்.

மறுநாள் காலை 6 மணி, 8 டிகிரி, கையால சுத்தி விட்டேன். ஓடிட்டே இருக்கு. அம்மா எண்ணிக்கிட்டே இருந்தாங்க, 50 தாண்டியும் சத்தமே இல்லாம ஓடுது. பெல்ட் மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு, அதுக்கப்புறம் ஸ்க்ரூடிரைவர எடுத்து ஸ்பீட 100க்கு வெச்சேன். அதுக்கு அடுத்த நாள் குளிர்ல ஆரம்பத்துல 99, பத்து நிமிஷத்துல 100. ஒரு சதவீதத்துக்குள்ள வந்துருச்சு, அந்த ஒண்ணும் அம்மா காதுக்குத் தெரியுதுதான், ஆனா "பால் காயற நேரத்துக்கு சும்மா ஓட விடு, சரியாயிரும்"னுட்டாங்க. இப்ப அதுதான் வழக்கம். அடுப்புல பால வெச்சதும் ரெக்கார்ட் இல்லாம வெறும் பிளாட்டர ஆன் பண்ணி விட்டுருவேன்.

சுருதி சரியானதும் அடுத்த குறை கேக்க ஆரம்பிச்சுது. அப்பாவுக்கு உசுரான ஒரு நாகஸ்வர எல்பி இருக்கு, கல்கத்தா டம்டம் ஃபாக்டரில அச்சான எச்எம்வி பிளேட்டு. அதுல உச்ச ஸ்தாயில நீட்டி ஊதற எடமெல்லாம் காலைல கரகரன்னு கிழியுது, மத்தியானம் அந்தளவு இல்ல. அதுவும் ரெக்கார்ட் முடியற பக்கம், லேபிளுக்கு கிட்ட வர வர மோசம். இதுக்கும் குளிர்தான் காரணம்னு இந்தத் தடவ சீக்கிரம் பிடிச்சுட்டேன். ஊசி நுனில இருக்கற வைரம் ஒரு மெல்லிசு குச்சில ஒட்டியிருக்கும், அந்தக் குச்சிய ஒரு துளி ரப்பர்தான் பிடிச்சிருக்கு. காடி வளையற எடமெல்லாம் ஊசி வளையணும்னா அந்த ரப்பர் கொழகொழன்னு விட்டுக் குடுக்கணும், குளிர்ல அது விறைச்சுரும். கம்பெனிக்காரங்க ஊசிக்குச் சொல்ற அளவெல்லாம் 20 டிகிரிக்கு மேல இருக்கற ரூமுக்குத்தான். அதுலயும் வெளி வட்டத்துல காடி ஊசிக்கு அடில செகண்டுக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுது, லேபிள் பக்கத்துல 21தான், அதே சங்கதிய பாதிக்கும் கம்மியான எடத்துல நெருக்கி எழுதியிருக்கும், விறைச்ச ஊசி அங்கதான் தடுமாறும்.

நம்மளோடது 1985 ஊசி, அந்த ரப்பர் குளிரே இல்லாட்டியும் கல்லாத்தான் இருக்கும். அதுக்கு மனச தேத்திக்கிட்டு ஊசி பொருத்தியிருக்கற கார்ட்ரிட்ஜையே புதுசா மாத்திட்டேன், அப்பா மாட்டினத கழட்டி ஒரு தீப்பெட்டில பஞ்சு வெச்சு பீரோவுல வெச்சிருக்கேன். புதுசுக்கு, ஊசி ரெக்கார்ட அழுத்தறதுக்கு, 2 கிராம் வெயிட் குடுக்கணும். கார்ட்ரிட்ஜத் தாங்கற மெஷின் கையோட பின்னாடி இருக்கற வளையத்துல 2ன்னு வெச்சு, நகைக்கடைல வெக்கற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல ஊசிய இறக்கிப் பாத்தா 1.4தான் காட்டுது. பழைய கையில பின்பக்க வெயிட்ட பிடிச்சிருக்கற ரப்பர் தொங்கிப் போயிருக்கறதால வளையத்து நம்பர் பொய் சொல்லுது, அத நம்பாதீங்க, தராச நம்புங்க. கம்மி வெயிட்டுல ஓட்டினா ரெக்கார்டுக்கு நல்லதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அது தப்பு, ஊசி காடிக்குள்ள துள்ளித் துள்ளி அடிச்சு சுவரத்தான் கெடுக்கும். அப்புறம் அளவுத்தாள் பிரிண்ட் எடுத்து நடுப்புள்ளிலருந்து 66 மில்லிமீட்டர்லயும் 120.9 மில்லிமீட்டர்லயும் கார்ட்ரிட்ஜ் நேரா நிக்குதான்னு பாத்து திருகினேன், இந்த ஒண்ணுக்கே ஒரு சாயந்திரம் போச்சு, ரெண்டு ஸ்க்ரூவும் அரிசி அளவு, குளிர்ல விரல் நுனி மரத்துப் போயிருது.

ஆனா புது ஊசி போட்டும் 9 டிகிரில நாகஸ்வரம் முழுசா தெளியல. அப்ப ஹால சூடு பண்றதத் தவிர வேற வழி இல்ல. 2000 வாட்ஸ் ஹீட்டர் ஒண்ண ஆன் பண்ணி ரூம் 18 டிகிரிக்கு வந்ததும் போட்டேன், அடடா, அந்த நீட்டல் எல்லாம் வெண்ணெய் மாதிரி எறங்குது. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்பீக்கர்ல "டப்". மறுபடி கொஞ்ச நேரத்துல "டப்". ரெக்கார்ட்ல கீறல்னு நெனச்சு அதே எடத்த திருப்பிப் போட்டா அங்க ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் ஆம்ப்ளிஃபயர சந்தேகப்பட்டு எர்த் வயரு, பின்னு எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி சொருகினேன். கடைசில அம்மாதான் "ஹீட்டர் லைட்டு அணையும்போதுதான் அந்த சத்தம் வருது, கவனிச்சியா"ன்னாங்க. ஹீட்டருக்குள்ள இருக்கற தெர்மோஸ்டாட் விழுந்து எழறப்பல்லாம் எட்டு ஆம்பியருக்கு மேல கரண்டு சட்டுனு அறுபடுது, ஊசிலருந்து வர்ற சிக்னல் வெறும் மில்லிவோல்ட் கணக்கு, அத ஆம்ப்ளிஃபயர் எத்தனையோ மடங்கு பெருசாக்கும்போது இந்த அதிர்ச்சியும் சேந்து பெருசாகுது. இப்ப ஹீட்டர வேற லைன்ல போட்டு, ரூம் சூடானதும் அணைச்சுட்டுத்தான் ரெக்கார்ட் வெக்கறோம், கதவையும் திரையையும் மூடி வெச்சா ஒரு பக்கம் கேக்கற வரைக்கும் சூடு நிக்குது.

சூடுன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க பக்கம் குளிருக்கு கரி அடுப்ப பத்த வெச்சு ரூமுக்குள்ள தூக்கிட்டு வந்து கதவ சாத்திக்கற பழக்கம் இன்னும் இருக்கு. கரில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கெடையாது நெறமும் கெடையாது, தூங்கப் போனவங்க எழுந்திரிக்காமலே போயிருக்காங்க. பாட்டு கேக்கறதுக்கோ தூங்கறதுக்கோ எதுக்காகவும் தயவு செஞ்சு அத வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

இன்னொண்ணு பனித்துளி. சூடான ஹாலுக்கு, குளிர்ந்த மூலை ரூம் அலமாரிலருந்து ரெக்கார்ட நேரா எடுத்துட்டு வந்தா கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி முழு பிளேட்டும் மங்கிருது, அது மேல ஊசி வெச்சா தூசி ஈரத்தோட சேந்து சேறா ஊசில ஒட்டிக்குது. அதனால நாளைக்குக் கேக்கப் போற ரெக்கார்ட இன்னைக்கு ராத்திரியே ஹாலுக்கு கொண்டு வந்து நிக்க வெச்சிருவோம். ஆனா ஹீட்டர் பக்கத்துல மட்டும் வேண்டாம், வெயில்ல நிக்கற காருக்குள்ள வெச்ச ரெக்கார்ட் என்ன ஆகுமோ அதுதான் அங்கயும், அப்பளம் மாதிரி வளைஞ்சிரும்.

பூஞ்சை பத்தி தனியா ஒரு பதிவே எழுதலாம். நாலு வருஷம் பூட்டுன ரூம், நீலகிரி மழை, எழுபது எண்பது ரெக்கார்ட்ல பாதிக்கு மேல வெள்ளப் புள்ளி. அப்பாவோட பழைய வேலைதான் இங்க கை குடுத்துச்சு. ஃபிலிம கழுவி கடைசியா ஒரு வெட்டிங் ஏஜென்ட் கலந்த தண்ணில முக்கி எடுப்பாங்க, தண்ணி சொட்டா நிக்காம வழிஞ்சு போயிரும், கறை விழாது. அப்பா அதையேதான் ரெக்கார்டுக்கும் பயன்படுத்துவாரு, ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு அஞ்சு சொட்டு. குழாத் தண்ணில கழுவினா காஞ்சதும் உப்பு காடிக்குள்ளயே தங்கிரும், பேட்டரிக்கு ஊத்தற தண்ணிதான் சரி. மெல்லிசு நைலான் பிரஷ்ஷால காடி ஓடற திசையிலயே வட்டமா தேய்ச்சு, வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல இன்னொரு தடவ கழுவி, பாத்திரம் கவுக்கற ஸ்டாண்டுல நிக்க வெச்சேன், லேபிள் நனையாம பாத்துக்கணும். ஊட்டில காய ஒரு நாள் முழுக்க ஆகுது, அவசரப்பட்டு ஈரத்தோட கவருக்குள்ள போட்டா பூஞ்சைக்கு நாமளே விருந்து வெச்ச மாதிரி. பழைய காகித உறையெல்லாம் எடுத்துட்டு பாலித்தீன் உறை போட்டாச்சு. தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டு ஒரு அஞ்சாறு இருக்கு, அது அரக்குல செஞ்சது, ஆல்கஹால் பட்டா கரைஞ்சிரும், அதுக்கு தண்ணி மட்டும்தான், அதுவும் சட்டுனு தொட்டு சட்டுனு தொடச்சிரணும்.

ஜனவரில காத்து காஞ்சு போனதும் வேற தொல்லை, கம்பளி ஸ்வெட்டர் உரசி கையெல்லாம் பொறி பறக்குது, ரெக்கார்ட கவர்லருந்து உருவும்போதே பட்பட்னு சத்தம், தூசியெல்லாம் பறந்து வந்து ஒட்டுது. ஸ்வெட்டர் கைய முழங்கை வரைக்கும் மடிச்சுக்கிட்டு, கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால ரெண்டு சுத்து, அவ்வளவுதான் பண்ண முடியுது.

போன வாரம் தலைக்குந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்லு முழுக்க உறைபனி, எங்க வாசல்ல நிறுத்துன ஸ்கூட்டர் சீட்டும் வெள்ளையா இருந்துச்சு. பால வெச்சுட்டு பிளாட்டர ஓட விட்டு, ஹீட்டர அணைச்சுட்டு, மொத நாள் குறை சொன்ன அதே கச்சேரி ரெக்கார்ட போட்டேன். தம்பூரா ஆரம்பிச்சதும் அம்மா ஒண்ணும் சொல்லாம சுருதிப் பெட்டிய எடுத்து அஞ்சுல வெச்சாங்க. எது ரெக்கார்டு எது பெட்டின்னு எனக்குப் பிரிச்சுச் சொல்ல முடியல. பெட்டிய அணைச்சுட்டு சால்வைக்குள்ளருந்து கைய வெளிய எடுத்து தொடைல தாளம் போட ஆரம்பிச்சாங்க, முதல் பக்கம் முடியற வரைக்கும் பேசவே இல்ல. முடிஞ்சதும் எழுந்து போயி, லேபிள்லயும் ஓரத்துலயும் மட்டும் விரல் வெச்சு, அவங்களே ரெக்கார்ட திருப்பிப் போட்டாங்க.

அடுத்தது கேசட் டெக். திறந்து பாத்தேன், உள்ள பெல்ட் ரெண்டும் தார் மாதிரி உருகி புல்லில ஒட்டியிருக்கு, சுத்தம் பண்ணவே ரெண்டு நாள் ஆகும். அம்மா கத்துக்கிட்ட காலத்துல அவங்க டீச்சர் பாடிக் காட்டினத பதிஞ்ச கேசட் ஒண்ணு இருக்கு, ஓரமெல்லாம் பூஞ்சை. நூல் போட்டு பெல்ட் அளவு எடுத்து வெச்சிருக்கேன்.